சொல்லுக்கும் உண்டு மனச்சாட்சி

ஆங்கிலத்தில் ஓர் அலுவல் கடிதத்தையோ விண்ணப்பத்தையோ எழுத அமரும்போது நம்மில் பலருக்கும் ஒரு தயக்கம் வருவதுண்டு. 'காரணமாக' என்று சொல்ல 'டியூ டு' என எழுதுவதா, 'ஓவிங் டு' என எழுதுவதா? 'வித் எ வியூ டு' என்பதற்குப் பின் என்ன வர வேண்டும்? 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல்லை எங்கே வைப்பது? இந்தத் தயக்கம் ஆங்கிலம் பிறமொழியாக உள்ள நமக்கு மட்டும் உரியதன்று. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவர்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அதற்கு விடை தேடி நாடும் நூல், 1926-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்ட 'எ டிக்‌ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்'. அந்த நீண்ட பெயரை யாரும் முழுமையாகச் சொல்வதில்லை. நூலாசிரியரின் பெயரே நூலின் பெயராகிவிட்டது. 'ஃபௌலரைப் பார்' என்றால் போதும்.

அந்த ஹென்றி வாட்சன் ஃபௌலர் இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்கொண்டே வாழ்ந்த ஒரு கடுகடுப்பான ஆசிரியர் என்றே நூலை மேலோட்டமாகப் புரட்டுவோர் எண்ணக்கூடும். அவருடைய வாழ்க்கையை அறிந்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லாட்சியில் அவர் காட்டிய கண்டிப்பும் வாழ்க்கையில் அவர் காட்டிய கண்டிப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. தான் நம்பாத ஒன்றைச் சொல்லக் கூடாது. தான் கருதாத பொருளைத் தரும் சொல்லை எழுதக் கூடாது. இவ்விரண்டும் அவருக்கு ஒரே விதி.

1858-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த டன்பிரிட்ஜ் நகரில் ஃபௌலர் பிறந்தார். தந்தை சமயகுருவாகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஹென்றியே மூத்தவர். அவருக்கு 21 வயதானபோது, 1879-இல் தந்தை மறைந்தார். குடும்பத்தின் பொறுப்பு மூத்த மகனின் தோள்மீது இறங்கியது. ரக்பி பள்ளியில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்த அவர், லத்தீன், கிரேக்க இலக்கியங்களில் இரண்டாம் வகுப்பில்தான் தேறினார். சமயப் பாடத் தேர்வில் தேறாததால் பட்டம் கைக்கு வர 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஆங்கில உலகமே தீர்ப்புக் கேட்டு நின்ற மனிதரின் கல்லூரி வரலாறு இவ்வளவுதான்.

1882-இல் வட இங்கிலாந்தின் செட்பர் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் ஆகியவற்றைப் பதினேழு ஆண்டுகள் கற்பித்தார். அப்பள்ளியில் மாணவர் இல்லம் ஒன்றின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஊதியமும் மதிப்பும் உயரும் வாய்ப்பு அது. ஆனால், அப்பொறுப்பை ஏற்பவர், கிறித்தவ சமயத்தில் உறுதிபூசுதல் என்னும் சடங்குக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும். ஃபௌலருக்குச் சமய நம்பிக்கை இல்லை. சடங்குக்குரிய பாடத்தை வேறு எந்தப் பாடத்தையும்போல நடத்திவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரால் அது இயலவில்லை. பொறுப்பை மறுத்தார். 1899-இல், தம் 41-ஆம் வயதில், வேறு வேலை எதுவும் கைவசம் இல்லாத நிலையில் பள்ளியைவிட்டே விலகி, எழுதிப் பிழைக்க லண்டனுக்குச் சென்றார்.

லண்டன் அவரைப் பெரிதாக வரவேற்கவில்லை. 1903-இல், ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய தம்பி ஃபிரான்சிஸ் தக்காளி பயிரிட்டு வாழ்ந்துவந்தார். சகோதரர்கள் இருவரும் அருகருகே தனித்தனிக் குடில்கள் அமைத்துக்கொண்டு, சேர்ந்து எழுதத் தொடங்கினர். முதற்பணி, கிரேக்க எழுத்தாளர் லூசியனின் படைப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்தது. நான்கு தொகுதிகளாக 1905-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதனை வெளியிட்டது. அடுத்த ஆண்டே 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' வந்தது.

அந்நூலின் துணிவை இன்று நாம் உணர்வது கடினம். அக்காலத்து இலக்கண நூல்கள் பலவற்றில், பிழையான தொடர்களை ஆசிரியர்களே கற்பனையாக அமைத்துக் காட்டினர். ஃபௌலர் சகோதரர்கள் லண்டனின் பெருமைமிக்க நாளிதழ்களிலிருந்தும், புகழ்பெற்ற நாவலாசிரியர்களின் நூல்களிலிருந்தும் பிழைகளை நூற்றுக்கணக்கில் எடுத்து, இன்ன இடத்தில் உள்ளது என்று குறிப்பிட்டே அச்சிட்டனர். எங்கோ ஒரு தீவில் தக்காளிக் கொடிகளுக்கு நடுவே அமர்ந்திருந்த இருவர், நாட்டின் தலையங்கங்களைத் திருத்தினர். அறிந்த சொல் இருக்க அரிய சொல் வேண்டாம்; ஒரு சொல் போதுமான இடத்தில் சுற்றிவளைக்க வேண்டாம்; குறுஞ்சொல் இருக்க நெடுஞ்சொல் வேண்டாம் என்பனவே அந்நூல் தொடக்கத்தில் வகுத்த நெறிகளின் சாரம்.

1908-இல், சரியாகத் தம் ஐம்பதாவது பிறந்தநாளன்று ஃபௌலர் மணம் செய்துகொண்டார். மனைவி ஜெஸ்ஸி, அவரைவிட நான்கு வயது இளையவர். ஒதுங்கி வாழ்ந்த ஆசிரியருக்கு இந்தப் பின்வயதுத் திருமணம் பெருமகிழ்ச்சியைத் தந்தது. மனைவிக்காக எழுதிவந்த கவிதைகளை, அவர் மறைந்த பின்னர் 1931-இல் நூலாக வெளியிட்டார். இலக்கண விதிகளுக்கு அப்பால் அந்த மனிதருக்குள் என்ன இருந்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு அச்சிறு நூலே சான்று.

1911-இல் சகோதரர்களின் 'கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரி' வெளிவந்தது. நம் நாட்டில் பள்ளி, கல்லூரி, அலுவலகம் எங்கும் மேசைமீது இருந்த அந்த அகராதியின் முதல் வடிவம், பல்கலைக்கழக அறை எதிலும் உருவாகாமல் அந்தத் தீவுக் குடில்களில் உருவானது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி அப்போது முற்றுப்பெறவில்லை. அது எட்டியிராத கடைசி எழுத்துகளுக்கு, வழிகாட்டும் மூலநூல் ஏதுமின்றி அவர்கள் தாமே பொருள் வரையறுக்க வேண்டியிருந்தது.

பிறகு முதல் உலகப் போர் மூண்டது. கெர்ன்சியில் இளைஞர்களைப் படையில் சேரும்படி தூண்டும் பணியில் ஃபௌலரும் ஈடுபட்டார். பிறரைப் போருக்குப் போகச் சொல்லிவிட்டுத் தான் வீட்டில் இருப்பது அவருடைய மனச்சாட்சியை உறுத்தியது. 1915-இல் அவருக்கு வயது 57. வயதை 44 எனக் குறைத்துச் சொல்லிப் படையில் சேர்ந்தார், தம்பியும் சேர்ந்தார். சொல்லில் அணுவளவும் பொய் பொறாத அந்த மனிதர் தம் வாழ்வில் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சொன்ன சொல்லுக்குத் தாமே கட்டுப்பட வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய் அது.

பிரான்ஸ் சென்ற சகோதரர்களுக்குக் கிடைத்தது போர்முனை அன்று. பாத்திரம் கழுவுதல், நிலக்கரி அள்ளுதல், சுமை தூக்குதல் ஆகிய வேலைகளே அவர்களுக்குத் தரப்பட்டன. போரிட வந்த தங்களை இவ்வேலைகளில் நிறுத்திவைப்பது முறையன்று என்று அவர்கள் மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுதினர். அதன்பின் போர்முனைப் பகுதிக்கு அனுப்பப்பட்டாலும், 1916-இன் தொடக்கத்தில் அணிவகுப்பின்போது ஃபௌலர் மயங்கி விழுந்தார். உடல் ஒத்துழைக்கவில்லை; ஊர் திரும்ப நேர்ந்தது. தம்பி ஃபிரான்சிஸுக்கோ போர்க்காலப் பணி காசநோயைத் தந்தது. 1918-இல் அவர் உயிர்நீத்தார்.

இருவரும் சேர்ந்து எழுதுவதாகத் திட்டமிட்டிருந்த பெருநூல் ஒன்று அப்போது பாதியில் நின்றது. மூத்தவர் அதைத் தனியே தொடர்ந்தார். 1926-இல் வெளிவந்தபோது, தம்பியின் நினைவுக்கே அதைக் காணிக்கையாக்கினார். நாம் 'ஃபௌலர்' என்று ஒருமையில் சொல்லும் அந்நூலுக்குப் பின்னே ஓர் இழப்பு இருக்கிறது.

அந்த நூலுக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம். 'டியூ டு' பற்றிய அவருடைய விளக்கம் புகழ்பெற்றது. 'டியூ' என்பது இயல்பில் ஒரு பெயரடை. அது சார்ந்து நிற்க ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அவருடைய தாமதம் மழையால் நேர்ந்தது என்று சொல்லும்போது, 'தாமதம்' என்னும் பெயரைப் பற்றி நிற்பதால் 'டியூ டு' பொருந்தும். மழையால் அவர் தாமதமாக வந்தார் என்று சொல்லும்போது, காரணம் 'வந்தார்' என்னும் வினையைத் தழுவுகிறது. ஆகவே அங்கே 'ஓவிங் டு' என்பதே முறை. பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும் என்று பள்ளியிலேயே படித்த தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஆங்கிலேயரைவிட நமக்கு இது எளிது என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது, 'தி சேம்'. கடிதம் கிடைத்தது, 'தி சேம்' பரிசீலிக்கப்படும் என்று எழுதும் வழக்கம் நம் அலுவலகங்களில் இன்றும் வேரூன்றி நிற்கிறது. 'அது' என்னும் பொருளில் இச்சொல்லை ஆள்வதை ஃபௌலர் ஒரு தனிப் பதிவில் கண்டித்தார். எளிய 'இட்' இருக்கும்போது ஏன் இந்த வேடம் என்பது அவர் வாதம். நம் தமிழ் ஆவணங்களில் 'மேற்படி' செய்யும் வேலையும் இதுவே. மேற்படி நபர், மேற்படி இடத்தில், மேற்படி தேதியில் என்று அடுக்கும்போது யார், எங்கே, எப்போது என்பது படிப்பவருக்கு மறந்துபோகிறது.

'ரெஸ்பெக்டிவ்லி' பற்றி அவர் நெடிய பதிவொன்றே எழுதினார். நம் 'முறையே' என்பதன் இணைச்சொல் அது. முருகனும் கண்ணனும் முறையே மதுரைக்கும் கோவைக்கும் சென்றனர் என்றால் அச்சொல்லுக்கு வேலை இருக்கிறது. முருகன் சென்றது மதுரை, கண்ணன் சென்றது கோவை என்று அது இணை பிரித்துக் காட்டுகிறது. மூன்று மாணவர்களும் முறையே பரிசு பெற்றனர் என்றால் அச்சொல் அங்கே வெறுமனே நிற்கிறது. எழுத்துக்குக் கனம் சேர்க்கும் என்று நம்பிச் செருகப்பட்ட சொல் அது.

'இன் தி கேஸ் ஆஃப்' என்னும் தொடரையும் அவர் இவ்வாறே நடத்தினார். இதழ்களிலிருந்து எடுத்துக்காட்டுகளை வரிசையாக அடுக்கி, அத்தொடரை நீக்கினால் வாக்கியம் எவ்வளவு தெளிவாகிறது என்று காட்டினார். 'இன் சோ ஃபார்' என்னும் தொடரையோ, அதனோடு மல்லுக்கட்டுவதைவிட விலகிப்போவதே பாதுகாப்பு என்று ஒதுக்கிவிட்டார். ஒரு தொடரைச் சரியாக ஆள்வதன் முதற்படி, அது அங்கே தேவைதானா என்று கேட்பது. இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே அவருடைய பெரும் பணி என்பது என் கருத்து.

அவரை வெறும் விதிப்பித்தராகக் கருதுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆங்கில வகுப்பறைகள் வேதவாக்காகப் போற்றிய பல விதிகளை உடைத்தவரும் அவரே. 'டு' என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் இடையே வேறொரு சொல் வரவே கூடாது என்ற அச்சத்தையும், முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்ற அச்சத்தையும் அவர் மூடநம்பிக்கைகளாகவே கண்டார். விதியைக் காப்பதற்காக வாக்கியத்தை முறுக்கிப் பொருளைக் குழப்புவது அவருக்கு உடன்பாடன்று.

அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் அவரோடு வெளிப்படையாக வாதிட்டார். மொழி எவ்வாறு வழங்குகிறது என்று ஆராய்வதே அறிஞரின் வேலை, எவ்வாறு வழங்க வேண்டும் என்று அறவுரை கூறுவது அன்று என்பது யெஸ்பர்சனின் நிலை. ஃபௌலரை இலக்கணத்தில் அறம் உரைப்பவர் என்ற பொருள்பட அவர் குறிப்பிட்டார். ஃபௌலர் அதை வசையாகக் கொள்ளவில்லை.

காலம் யெஸ்பர்சன் பக்கமும் சாய்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 'டியூ டு' பற்றிய விதியையே எடுத்துக்கொள்வோம். 1957-இல் கனடா நாடாளுமன்றத்தில் இரண்டாம் எலிசபெத் அரசி வாசித்த உரையிலேயே, ஃபௌலர் கடிந்த அதே முறையில் அத்தொடர் இடம்பெற்றது. அரசியின் ஆங்கிலமே மாறியபின் அந்த வேலி எத்தனை நாள் நிற்கும்? படிக்காதவர்களின் வழக்கு என்று அவர் ஒதுக்கிய சொல்லாட்சி, இன்று நன்கு படித்தவர்களின் எழுத்திலும் இயல்பாக வருகிறது. மேலும், பிழை செய்தவரைக் கல்லாதவர் என்று எள்ளும் தொனி அவரிடம் சில இடங்களில் உண்டு. அது எனக்கு ஏற்புடையதன்று. கற்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டவர்கள் நிறைந்த நாட்டிலிருந்து படிக்கும்போது அந்தத் தொனி சற்றுக் கூடுதலாகவே உறுத்துகிறது.

ஆயினும், விதிகள் சில உதிர்ந்த பின்னும் நூல் உதிரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது நார்மண்டிப் படையெடுப்புக்கான திட்டங்களுக்கு இடையிலும் பிரதமர் சர்ச்சில், ராணுவ உளவுத் துறைத் தலைவரின் குறிப்பொன்றில் 'இன்டென்ஸ்' வரவேண்டிய இடத்தில் 'இன்டென்சிவ்' வந்திருப்பதைக் கண்டு, ஃபௌலரைப் படிக்குமாறு அறிவுறுத்தினார். போருக்குப் பின் பிரிட்டிஷ் நிதித் துறை, அரசு ஊழியர்கள் தெளிவாக எழுத ஒரு கையேடு வேண்டும் என்று விரும்பியது. மூத்த அதிகாரி எர்னெஸ்ட் கவர்ஸ் எழுதிய 'ப்ளெயின் வேர்ட்ஸ்' 1948-இல் வெளிவந்தது. அதே கவர்ஸ்தான் ஃபௌலரின் நூலைத் திருத்தி 1965-இல் இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். ஆசிரியரின் நூல் அலுவலகத்தின் நூலானது இவ்வாறுதான்.

ஃபௌலரின் இறுதிக் காலம் சாமர்செட் மாவட்டத்தின் ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரில் கழிந்தது. 1926-இல், நூல் வெளிவந்து புகழ் சேர்ந்த வேளையில், வீட்டுவேலைகளில் அவருடைய நேரம் வீணாகிறதே என்று கருதிய பதிப்பகம், பணியாள் ஒருவருக்கான ஊதியத்தைத் தானே தருவதாக முன்வந்தது. அவர் மறுத்துவிட்டார். அன்று காலை இரண்டு மைல் ஓடியதையும், பக்கத்து வீட்டுக் குளத்தில் நீந்தியதையும் எடுத்துரைத்து, அறுபத்தெட்டு வயதில் இது இயல்வதற்குக் காரணம், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாள் இன்றி வாழ்ந்ததே என்று பதில் எழுதினார். 1930-இல் மனைவி மறைந்தார். 1933 டிசம்பர் 26-ஆம் நாள் ஃபௌலரும் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை நாம் ஏன் இன்று நினைக்க வேண்டும்? கணினியே கடிதம் எழுதித் தரும் காலத்தில் 'டியூ டு'வா 'ஓவிங் டு'வா என்பது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். அந்தக் குறிப்பிட்ட விதி பொருட்டில்லாமல் போகலாம். ஆனால், அதன் அடியில் உள்ள கேள்வி போகாது. ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்த ஒரு முதியவருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. முறையான, கனமான ஆங்கிலத் தொடர்கள் வரிக்கு வரி அணிவகுக்கின்றன. கோரிக்கை ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, அடுத்து அவர் செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் அதில் இல்லை. தெரு முனையில் இருக்கும் படித்த பிள்ளையிடம் அவர் அதை நீட்டுகிறார். அந்தப் பிள்ளைக்கும் புரியவில்லை. இங்கே நிகழ்ந்திருப்பது இலக்கணப் பிழை மட்டுமா? முடிவைச் சொல்ல மனமில்லாத ஒருவர் சொற்களுக்குப் பின்னே ஒளிந்துகொண்டிருக்கிறார். அக்கடிதத்தைத் தமிழில் பெயர்த்தாலும், 'மேற்படி பொருள் தொடர்பாக உரிய நடவடிக்கை' என்ற அளவில் அதே ஒளிவிடம் தமிழிலும் கிடைத்துவிடுகிறது.

நம்பாத பாடத்தை நடத்த மறுத்து வேலையைத் துறந்தவர் ஃபௌலர். பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்ய வேண்டும் என்று முதுமையில் போர்க்களம் புகுந்தவர். அத்தகையவருக்கு, பொருளின்றி ஒரு தொடரை எழுதுவதும் ஒருவகைப் பொய்யாகவே தோன்றியிருக்கும். எழுதும் ஒவ்வொரு தொடரிடமும் நீ இங்கே எதற்கு என்று கேட்பதற்குப் புலமை பெரிதும் தேவையில்லை. எதிரே படிப்பவர்மீது சிறிது அக்கறை இருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும், அந்த அக்கறையோடு தொடங்குவதே ஃபௌலருக்கு நாம் செலுத்தும் மரியாதை.